நொவோட்னியின் முறைவாசல்

மாடிப்படி ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, கைக்குட்டையை எடுத்து ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பது ரைன்ஹோல்ட் நொவோட்னியின் வழக்கம். கண்ணாடியில் தூசி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில்லை. கையில் காய்கறிப் பை இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டுத் துடைப்பார். அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் எல்லோரும் வருடக்கணக்கில் இதைப் பார்த்திருக்கிறார்கள். "நொவோட்னிக்குச் சுத்தப் பைத்தியம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. மாரடைப்பு வந்து பிழைத்த பிறகுதான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் மனைவி லோரெ கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ இத்தனை வருஷமா நீ அங்க நின்னது தூசிக்காக இல்ல. மூச்சு வாங்கத்தான் நின்னே. அப்படித்தானே?"

அவர் சூப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காது மடல் மட்டும் சிவந்தது.

ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில், திராட்சைச் சரிவுகள் தொடங்கும் இடத்தில் உள்ள தெரு அது. வீட்டில் ஆறு குடித்தனம், லிஃப்ட் கிடையாது. நொவோட்னி மூன்றாம் மாடி. இயந்திரத் தொழிற்சாலையில் வாழ்நாள் முழுக்க ஃபிட்டராக இருந்தவர். உடம்பு சரியில்லை என்று ஒருநாளும் வீட்டில் தங்கியதில்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போனதைப் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமைக்கு அடுத்த பெருமை முறைவாசல்.

அங்கே மாடிப்படியும் நடையும் வாசல் பாதையும் வாரத்துக்கு ஒரு குடித்தனத்தின் பொறுப்பு. யார் முறையோ அவர் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். அந்த வாரத்துக்குள் படிகளைப் பெருக்கி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, சனிக்கிழமை மாலை பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். படிகள் பெருக்கினாலும் பெருக்காவிட்டாலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அதுதான் அந்தத் தெருவுக்கே பெருமை. வித்தியாசம் கண்டுபிடிக்க விரலை வைத்துப் பார்க்க வேண்டும். நொவோட்னி வைத்துப் பார்ப்பார்.

அவருக்கு முந்தைய முறை லாசு அம்மாவுடையது. எவாந்தியா லாசு, இரண்டாம் மாடி. இளம் வயதில் கிரேக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, கணவர் இல்லை, மகன் வேறு ஊரில்.

ஒரு கோடைக்காலத்தில் லாசு அம்மா ஒன்றரை மாதம் வீட்டில் இல்லை. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "ஒன்றரை மாசம் லீவு! நமக்கு யாரு தர்றா?" என்று நொவோட்னி லோரெயிடம் சொன்னார். திரும்பி வந்த சில வாரத்தில் லாசு அம்மாவின் முறை வந்தது. அந்தச் சனிக்கிழமை மாலை பலகை நொவோட்னி கதவுக்கு வந்துவிட்டது. அவர் வெளியே வந்து குனிந்து படியில் விரல் வைத்தார். பெருக்கியிருந்தது, ஈரத்துணி போடவில்லை. சோப்பு வாசம் இல்லை. அவர் பலகையைக் கழற்றினார், ஒரு மாடி இறங்கினார், லாசு அம்மாவின் கதவில் திரும்ப மாட்டினார். கதவைத் தட்டவில்லை. உங்கள் முறை இன்னும் முடியவில்லை என்பதற்கு அங்கே அதைவிடப் பெரிய பேச்சு தேவையில்லை. மாடியில் போகிற வருகிற எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பார்த்தார்கள்.

அதோடும் விடவில்லை. கீழே வாளிச் சத்தம் கேட்டபோது, அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் விளக்குமாற்றால் மேல் படிகளை மறுபடி பெருக்கினார். கேட்க வேண்டும் என்றே பெருக்கினார். லாசு அம்மா கால் வாளி கால் வாளியாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பல தடவை வந்து போய்க்கொண்டிருந்தார்.

"ஒரேயடியாத் தூக்கிட்டு வர வேண்டியதுதானே" என்றார் நொவோட்னி உள்ளே வந்து.

"விடேன்" என்றாள் லோரெ. "உங்கம்மாவுக்கு இதையே செஞ்சாங்கன்னு நீதானே சொல்லுவே."

உண்மைதான். போர் முடிந்து, அங்கிருந்த மற்ற ஜெர்மானியர்களோடு பொஹீமியாவிலிருந்து துரத்தப்பட்டு, கைக்குழந்தையான அவரையும் ஒரு மரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தவள் அவர் அம்மா. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட அறையின் சொந்தக்காரி, அம்மா படி துடைத்த பிறகு வெள்ளைத் துணியால் ஓரங்களைத் தேய்த்துப் பார்ப்பாளாம். வந்தேறிக்குச் சுத்தம் தெரியாது என்பாளாம். அம்மா அன்றிலிருந்து யாரும் குறை சொல்ல முடியாதபடி துடைத்தாள். மகனையும் அப்படியே வளர்த்தாள். துணியைத் தேய்த்துப் பார்க்கிற பக்கத்துக்குத் தான் எப்போது மாறினோம் என்று நொவோட்னி யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

ஏழு வருடம் கழித்து, ஓய்வு பெறச் சிறிது காலமே இருக்கும்போது, தொழிற்சாலை வாசலில் அவருக்கு மாரடைப்பு வந்தது. அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் இரண்டு வைத்தார்கள். பிறகு மூன்று வாரம் காட்டோரத்து மறுவாழ்வு மருத்துவமனை. சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள், உப்பில்லாமல் சாப்பிடச் சொன்னார்கள், வட்டமாக உட்காரவைத்துப் பயங்களைப் பேசச் சொன்னார்கள். அவர் தனக்குப் பயம் எதுவும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் இடது பக்கம் திரும்பிப் படுப்பதை நிறுத்தினார். லோரெ வெளியே போனால் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருமினால்கூட நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த மாதமே அவர் முறை வந்தது. லோரெயின் விரல்கள் மூட்டுவாதத்தில் எப்போதோ வளைந்துவிட்டன; அவளால் துணி பிழிய முடியாது. பலகை கதவில் தொங்குவதை உள்ளிருந்து நினைத்தாலே அவருக்கு நெஞ்சு அடைத்தது. சனிக்கிழமை காலை வாளிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால், லாசு அம்மா மூன்றாம் மாடிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நொவோட்னி ஐயா, நீங்க போய் உட்காருங்க. டாக்டர் சொன்னபடி இருங்க. இத நான் பாத்துக்கறேன்."

நன்றி என்று சொல்ல அவர் வாய் திறந்தார். கண் தானாகப் படியின் மூலைக்குப் போனது. மூலையும் சுத்தமாக இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றார். கதவைச் சாத்தினார்.

அவர் அகராதியில் அதுவே பெரிய பாராட்டு. அடுத்த முறைகளையும் லாசு அம்மாதான் செய்தார். அவர் நன்றி என்ற சொல்லை ஒருமுறையும் எடுக்கவில்லை.

மருத்துவர் அவரை இதயக் குழுவில் சேரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். செவ்வாய் மாலை ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் இதய நோயாளிகள் கூடி ஓடியாடுவார்கள். ஓரத்துப் பெஞ்சில் ஒரு மருத்துவர் அவசர சிகிச்சைக்கான சிவப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். நொவோட்னிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆறு குடித்தனத்துக்கும் தெரிந்தால்? விளையாட்டுப் பையை மழைக்கோட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, ஆண்கள் பாட்டுக் குழுவில் சேர்ந்திருப்பதாகத் தரைத்தளத்துக் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தார்.

"பாட்டா? நீங்களா?" என்றார் கீழ்வீட்டுக்காரர். "எந்தக் குரல்?"

"கீழ்க்குரல்."

முதல் செவ்வாய் கூடத்துக்குள் நுழைந்தபோது இருபது பேர் வட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். அதில் நீலக் காற்சட்டையும் வெள்ளைக் காலணியும் போட்ட ஒரு பெண்மணி கையை வீசிக்கொண்டு அவரைக் கடந்து போனார். நாலு எட்டு போய் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நொவோட்னி ஐயா! பாட வந்தீங்களா?"

லாசு அம்மா. நொவோட்னி பையைக் கீழே போட்டுவிட்டார்.

"இங்க ஐயாவும் இல்ல, அம்மாவும் இல்ல" என்றாள் பயிற்சி தரும் ஸ்வென்யா. பேத்தி வயதுப் பெண். "எல்லாரும் நீ, நான்தான். பேரு?"

"ரைன்ஹோல்ட்."

"எத்தனை குழாய்?" என்று கேட்டார் ஓட்மர் என்ற பருத்த ரொட்டிக்கடைக்காரர்.

"ரெண்டு."

"அவ்வளவுதானா! எனக்கு நாலு. பந்தை மெதுவா எறி, மரியாதை கொடு."

அன்று லாசு அம்மா கேக் கொண்டுவந்திருந்தார். அந்தக் குழுவில் ஒரு பழக்கம்: அறுவை நடந்து பிழைத்த நாளை இரண்டாவது பிறந்தநாள் என்று வைத்துக்கொண்டு, அந்த வாரம் வரும்போது ஏதாவது செய்து எடுத்து வருவார்கள். பயிற்சி முடிந்து எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து தின்றார்கள். எண்ணெய் குறைத்துச் செய்தது என்று லாசு அம்மா மருத்துவரைப் பார்த்துச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"எவாந்தியாவுக்கு இப்ப எத்தனை வயசு?" என்று ஓட்மர் கத்தினார்.

"ஏழு" என்றார் லாசு அம்மா. "அடுத்த வருஷம் ரெண்டாம் வகுப்பு."

"என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார் நொவோட்னி, வாயில் கேக்கோடு.

"பைபாஸ். இங்கேருந்து இங்க வரைக்கும் திறந்தாங்க." விரலால் கழுத்துக் குழியிலிருந்து கீழே ஒரு கோடு காட்டினார். "நம்ம வீட்டு மாடியில யாருக்கும் சொல்லல. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா வேலை போயிடுமோன்னு பயம். ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரி, அப்புறம் மறுவாழ்வு, அதுக்கே ஒன்றரை மாசம். கிரேக்கத்துக் கோடையில இருந்துட்டு வெளுத்துப்போய் வந்திருக்காளேன்னு ஒருத்தரும் கேக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். லாசு அம்மாவும் சிரித்தார். நொவோட்னி மட்டும் கேக்கை மென்றுகொண்டே இருந்தார். திறந்த நெஞ்செலும்பு கூடும்வரை கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மறுவாழ்வு மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைக்காரனுக்கு மருத்துவர் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. கால் வாளி கால் வாளியாகத் தண்ணீர் வந்த சத்தம் காதில் கேட்டது. அதற்கு மேலே தன் விளக்குமாற்றுச் சத்தமும் கேட்டது.

லாசு அம்மா பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பக்கம் பார்க்கக்கூட இல்லை. இன்னொரு துண்டு வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

அடுத்த செவ்வாய் நொவோட்னி பையோடு கிளம்பினார்; ஆற்றங்கரை வரை போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. சில வாரம் ஓடியது. லோரெ ஒருநாள் அவருடைய விளையாட்டுச் சட்டையை மோந்து பார்த்தாள்.

"என்ன பயிற்சி இது, வியர்வையே வராதது? எங்க போறே நீ?"

ஏன் போகவில்லை என்று அவர் சொன்னார். முழுவதும் சொன்னார். லோரெ சட்டையை மடித்து வைத்தாள்.

"ஒரு மாடி இறங்கணும், அவ்வளவுதான்" என்றாள். "இறங்கிப் போய்ச் சொல்லிட்டு வா."

"என்னன்னு சொல்றது?"

"அதையும் நானே சொல்லித் தரணுமா?"

அவர் இறங்கவில்லை. நடப்பது குறைந்தது. கைக்குட்டை மறுபடி வெளியே வந்தது. பயம் அவருக்கு இருந்தது. ஆனால் லாசு அம்மா முகத்தைப் பார்ப்பதைவிட இன்னொரு மாரடைப்பு வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றிய நாட்களும் இருந்தன. இறங்கி வராதவரைத் தேடி லாசு அம்மாதான் ஏறி வந்தார்.

"ரைன்ஹோல்ட், ஏன் வர்றதில்ல?" வாசலிலேயே நின்று கேட்டார். "நான் இருக்கறதுனாலயா? ஒரே வீட்டுல குடியிருக்கறவங்க முன்னால காற்சட்டையில குதிக்க உனக்குச் சங்கடமா இருக்கும். நான் வேணா வியாழக்கிழமைக் குழுவுக்கு மாறிக்கறேன். எனக்கு அங்கேயும் ஆள் தெரியும்."

இதைக் கேட்டதும் நொவோட்னியால் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. "வேண்டாம்" என்றார். "வர்றேன்."

சொன்னபடி போனார். முதல் மாதம் வட்டத்தின் கடைசியில் நடந்தார். பிறகு நடுவில். கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்துச் சத்தமாகச் சொல்லும்போது ஓட்மர் ஏலம் கூவுவதுபோல் "நூத்துக்கு மேல யாரு?" என்பார். நொவோட்னி சிரிக்கக் கற்றுக்கொண்டார். வசந்தம் வந்தபோது லோரெயோடு திராட்சைச் சரிவின் மேல் பாதை வரை நடந்தார். இடது பக்கம் படுத்துத் தூங்கினார். தொலைபேசி மடியை விட்டு மேசைக்குப் போனது. இரண்டாம் மாடி ஜன்னலில் நிற்காமல் ஏறினார். பாட்டுக் குழு என்பது பொய் என்று கீழ்வீட்டுக்காரரிடம் அவரே ஒப்புக்கொண்டார். "அப்பாடா" என்றார் அவர். "எப்போ பாடிக் காட்டுவீங்களோன்னு பயந்துட்டிருந்தேன்."

ஆனால் லாசு அம்மாவிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. செவ்வாய்தோறும் ஒரே பேருந்தில் திரும்பினார்கள். தக்காளி விலை, மகன், மாத்திரை எல்லாம் பேசினார்கள். சொல் வாயருகே வந்து நின்றுவிடும். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பேசத் தெரியாதவனுக்குக் கை இருக்கிறதே. தனக்காக லாசு அம்மா செய்த வாரங்களைத் திருப்பிச் செய்துவிடுவது. லாசு அம்மாவின் அடுத்த முறை வரும்போது, அந்த அம்மா எழுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவது. வாளி தூக்கலாமா என்று ஸ்வென்யாவிடம் கேட்டுக்கொண்டார். "தாராளமா" என்றாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை பொழுது விடிந்ததும் பார்த்தார். பலகை லாசு அம்மாவின் கதவில் இருந்தது. மேலிருந்து தொடங்கினார். எந்தப் படியிலும் விரல் வைத்துப் பார்க்கிற மனிதர், அன்று மட்டும் பார்க்கவில்லை. மனசு முழுக்க, கதவு திறந்ததும் அந்த அம்மா முகம் எப்படி மலரும் என்பதிலேயே இருந்தது. பெருக்கிக்கொண்டே இரண்டாம் மாடிக்கு வந்தார்.

கதவு திறந்தது. லாசு அம்மா ஊருக்குப் போகிற உடுப்பில், கையில் பையோடு நின்றார். மகனைப் பார்க்கப் போவதற்காக முந்தின நாள் மாலையே பெருக்கித் துடைத்து முடித்திருந்தார். பலகையைச் சனிக்கிழமை மாலைதான் மாற்றுவது என்பதால் அது அங்கேயே தொங்கியது. இப்போது தன் கதவுக்கு முன்னால், துடைத்து முடித்த படியில், நொவோட்னி விளக்குமாற்றோடு நிற்பதைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இன்னும் சுத்தமாகலையா, நொவோட்னி ஐயா?"

"இல்ல… நான்…"

"நேத்து ரெண்டு தண்ணி விட்டேன். மூலைக்கெல்லாம் மண்டி போட்டுத் துடைச்சேன். பாருங்க, விரல வச்சுப் பாருங்க."

விளக்குமாற்றைக் கீழே வைத்தால் போதும், ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நொவோட்னியால் இரண்டும் முடியவில்லை. லாசு அம்மா கதவைப் பூட்டினார், அவரைத் தொடாமல் ஒதுங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். கீழே தெருக்கதவு மூடியது. தான் பெருக்கிய படியில் தானே உட்கார்ந்து நொவோட்னி அழுதார். லோரெ மேலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை லாசு அம்மா குழுவுக்கு வந்தார். எப்போதும்போல நடந்தார், ஓட்மரோடு பேசினார். பேருந்து நிறுத்தத்தில் நொவோட்னி அந்த அம்மா அருகில் போய் நின்றார். பேருந்து வரும்வரைதான் நேரம் என்று தெரிந்ததால் பேச்சு வந்தது.

"சனிக்கிழமை நான் உங்களுக்காகப் பெருக்கினேன். நீங்க முடிச்சது தெரியாது. நீங்க எனக்குச் செஞ்சதைத் திருப்பிச் செய்யலாம்னு."

லாசு அம்மா திரும்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. "அப்படியா" என்றார். "நான் வேற மாதிரி நினைச்சேன்."

"நினைக்கிற மாதிரிதான் நான் முன்னால நடந்திருக்கேன். அந்தக் கோடையில, பலகையைத் திருப்பி மாட்டினது நான்தான்."

"தெரியும். வேற யாரு மாட்டுவா?"

"உங்க நெஞ்சு அப்படி இருந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சத்தியமா மாட்டியிருக்க மாட்டேன். அத நினைச்சா எனக்கு…"

"தெரிஞ்சிருந்தா மாட்டியிருக்க மாட்டே, ரைன்ஹோல்ட். அது எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்ல." லாசு அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஆனா நான் நல்லா இருந்து, சும்மா ஒரு நாள் அலுப்புல துணி போடாம விட்டிருந்தேன்னு வச்சுக்கோ. அப்போ மாட்டினது சரியா?"

நொவோட்னி வாயைத் திறந்தார்.

"இப்பவே சொல்லாதே. சட்டுனு சொன்னா எனக்காகச் சொல்றதா இருக்கும். யோசிச்சுச் சொல்லு."

"சொல்றேன்" என்றார். பேருந்து வந்தது.

பதில் அன்றைக்கே அவருக்குத் தெரியும். அதுதான் கஷ்டம். லாசு அம்மா நன்றாக இருந்திருந்தால் பலகையை மாட்டியதைப் பற்றி அவர் ஒருநாளும் நினைத்திருக்கவே மாட்டார், சரியென்றே இருந்திருப்பார். வெட்கம் வந்தது வெட்டுத் தழும்புக்காக, அந்த அம்மாவுக்காக அல்ல. இதை எப்படிப் போய் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது? வேறு பதில் சொன்னால் பொய். பொய் சொல்ல அவருக்கு இப்போது மனமில்லை. ஆகவே செவ்வாய்தோறும் தக்காளி விலை பேசினார்கள்.

முழங்கால் தேய்ந்து, லாசு அம்மா லுட்விக்ஸ்பர்கில் மகன் பார்த்துக் கொடுத்த லிஃப்ட் உள்ள வீட்டுக்குக் குடிபோனார். சாமான் ஏற்றிய அன்று நொவோட்னி மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்காமல் இறங்கினார்.

"யோசிச்சாச்சா?" என்று லாசு அம்மா வண்டியருகே கேட்டார், சிரித்துக்கொண்டே.

"இன்னும் கொஞ்சம்."

"மெதுவா சொல்லு. நாம ரெண்டு பேரும்தான் பிழைச்சுட்டோமே."

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் நொவோட்னி நன்றாக வாழ்ந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது இதயம் அல்ல. அடக்கத்துக்கு இதயக் குழுவினர் எல்லோரும் வந்திருந்தார்கள். லாசு அம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். லோரெ அவர் கையைத் தன் வளைந்த விரல்களுக்குள் வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு ஏதோ பாக்கி இருக்குன்னு சொல்லிட்டே இருந்தார். என்னன்னு கேட்டா சொல்ல மாட்டார். முறைவாசலா? அதெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு நானும் சொல்லிப் பார்த்தேன்."

லாசு அம்மா குழியைப் பார்த்தார்.

"முறைவாசல் இல்ல" என்றார். "ஆனா பாக்கிதான், லோரெ. இருக்கு."